இருட்டறைக்கு எதற்கு டிக்கெட்?

காலை ஆறு மணிக்குக் கோயம்பேட்டில் பஸ் ஏறினேன். நெய்வேலி ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். டவுன்ஷிப்பில் மூடிக் கிடக்கும் இயந்திரப் பட்டறை ஒன்றை, பத்தாவது, பதினொன்றாவது படிக்கும் பிள்ளைகளுக்கான சுற்றுச்சூழல் அருங்காட்சியகமாக மாற்றித் தரும் வேலை என்னுடையது. அதில் நான் உயிரையே வைத்திருந்தது இருட்டறையில்தான். மின்சாரம் இல்லாமல் பத்து நிமிடம் உட்கார்ந்தால் பிள்ளைகளுக்கு அதன் அருமை புரியும் என்று எண்ணம்.

பத்தரைக்கு மந்தாரக்குப்பம். 2012 அல்லவா, ஊரெல்லாம் மின்வெட்டு. டீக்கடையில் மின்விசிறி நின்றிருந்தது. ஜெராக்ஸ் கடை ஜெனரேட்டர் காதைக் கிழித்தது. ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். டவுன்ஷிப்புக்குள் நுழைந்தால் பட்டப்பகலில் தெருவிளக்கு எரிகிறது!

"உள்ள கட்டே கிடையாதுங்க. குடுத்து வெச்சவங்க," என்றார் ஆட்டோக்காரர்.

பட்டறையில் அருங்காட்சியகக் குழுத் தலைவரும், கருத்துச் சொல்ல இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் காத்திருந்தார்கள். இருட்டறையையும் அதற்கு வைக்கப்போகும் டிக்கெட்டையும் விளக்கினேன். குவார்ட்டர்ஸ் பையன் ஒருவன் குதித்தான்: "செம மேடம்! கரண்ட் கட்டுன்னா எப்டி இருக்கும்னே எங்களுக்குத் தெரியாது."

டவுன்ஷிப்புக்கு வெளியே கம்மாபுரத்திலிருந்து வந்திருந்த பத்தாம் வகுப்புச் செல்வி சிரித்துவிட்டாள். "இதுக்கு டிக்கெட் வேறயாங்க மேடம்? எங்க வூட்டுக்கு வாங்க, சும்மாவே காட்டறேன். மெழுகுவத்திய வெச்சிக்கினுதான் கணக்கு போடறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. "சரிம்மா, நீயே சொல்லு, வேற என்ன வைக்கலாம்?" என்றேன் வெடுக்கென்று.

அவள் அசரவில்லை. "லைட்டு வெச்சி பெஞ்சு போடுங்க. இங்கதான் இப்பவே எரியுதுல்ல? பரிட்சை வரைக்கும் வந்து படிச்சிக்கினு இருப்போம். கணக்குல போச்சுன்னா எங்க வூட்ல படிப்ப நிறுத்திடுவாங்க."

 தலைவர் என்னைப் பார்த்தார். "படிக்கிற ரூம்ல பாக்க என்ன இருக்கும் மேடம்?"

"முதல்ல தொறந்து விடுங்க சார். பாக்கறத அப்புறம் பாத்துக்கலாம்," என்றேன். வரைபடத்தில் இருந்த இருட்டறையை என் கையாலேயே கோடு போட்டு அடித்தேன். மனசு கேட்கவில்லைதான். கட்டட வேலை தொடங்கும்வரை பட்டறையை இரவு எட்டு வரை திறந்து வைக்க அவர் சம்மதித்தார்.

"எட்டு வேணாங்க," என்றாள் செல்வி. "ஏழரைக்கே கடைசி பஸ்சு."

மாலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். சென்னையில் ஒரு மணி நேரம் கரண்ட் போனாலே மின்வாரியத்துக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பவள் நான். சொல்லிக்கொள்ளலாம் என்று பட்டறைக்குள் போனால், ட்யூப்லைட் அடியில் பெஞ்சை இழுத்துப் போட்டுச் செல்வி கணக்கில் மூழ்கியிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

தலையைத் தூக்காமலே சொன்னாள்: "கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேடம், வெளிச்சம் மறைக்குது."