செவ்வாய்க்கிழமை வருவார்

எங்கள் மாமா நகராட்சியில் இறப்புப் பதிவுப் பிரிவில் வேலை பார்த்தார். தொற்றுக் காலத்தில் அன்றைய சாவு எண்ணிக்கையைச் செய்தியில் சொன்னதும், நாங்கள் டி.வி.யை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்ப்போம். எதிர்வீட்டு டிரைவர் ஜன்னல் வழியாகவே கேட்பார்: "அவங்க சொன்னது இருக்கட்டும் சார், நீங்க எவ்வளவு சொல்றீங்க?"

ஒரு திங்கட்கிழமை எண் பாதியாகக் குறைந்தது. அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. பூட்டிக் கிடந்த தன் தையல் கடையை மறுநாளே திறக்கப் போவதாகச் சொன்னாள்.

"தெறப்பே, தெறப்பே. நேத்து எங்க ஆபீஸ் லீவு. நாங்க லீவு போட்டா ஊர்ல யாரும் சாகமாட்டாங்க," என்றார் மாமா. "விட்டுப்போனவங்க எல்லாம் செவ்வாய்க்கிழமை மொத்தமா வருவாங்க. போன செவ்வாயோட வெச்சுப் பாரு. அப்புறம் கத்திரிக்கோலை எடு."

செவ்வாயன்று எண் எகிறியது. கத்திரிக்கோல் பெட்டியிலேயே கிடந்தது.

அந்த எண்ணையும் அவர் முழுசாக நம்பவில்லை. பரிசோதனையில் தொற்று உறுதியாகி இறந்தவர்கள்தான் கணக்கில் சேர்வார்கள். மற்றவர்களுக்கு நெஞ்சுவலி என்று எழுதிவிடுவார்கள்.

"இந்த வருஷம் ஊருக்கே நெஞ்சு வீக்காயிடுச்சு," என்பார். "நான் அப்படிப் போகமாட்டேன்டி. டெஸ்ட் எடுத்துட்டுத்தான் சாவேன். கணக்குல வரலேன்னா என் கட்டை வேகாது."

"வாயைக் கழுவுங்க," என்பாள் அத்தை.

அவருக்கே காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்குமா என்று நாங்கள் அல்லாடிக்கொண்டிருக்க, அவர் டெஸ்ட் எடுக்கும் வரிசை எங்கே என்று விசாரித்துக்கொண்டிருந்தார். தொற்று உறுதி என்று முடிவு வந்ததும் எனக்கு போன் செய்தார்.

"பாஸாயிட்டேன்டா."

சிரிப்பும் இருமலும் சேர்ந்தே வந்தன.

சனிக்கிழமை சாயங்காலம் போய்விட்டார்.

திங்களன்று டி.வி.யில் எண் வழக்கம்போலக் குறைந்திருந்தது. அத்தை சுவரில் சாய்ந்தபடி கேட்டாள்: "இதுல இவரு இருக்காராப்பா?"

"இருக்கமாட்டார் அத்தை. செவ்வாய்க்கிழமைதான் வருவார்."

"ஆபீஸ்லேர்ந்து என்னிக்கு நேரத்துக்கு வந்திருக்காரு!" என்றவள் சிரித்துவிட்டாள். எனக்கும் அடக்க முடியவில்லை. சாவு வீட்டில் சிரிப்புச் சத்தம் எதிர்வீட்டுக்குக் கேட்டிருக்குமோ என்று இருவரும் வாயைப் பொத்திக்கொண்டோம்.

மறுநாள் செய்திக்கு வெகுநேரம் முன்பே அவள் டி.வி. முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டாள். எண்ணைச் சொன்னார்கள். போன செவ்வாயைவிட அதிகம்.

"அதுல ஒண்ணு நம்மாளு," என்றாள். "மீதி சரியான்னு கேக்கத்தான் ஆளில்ல."