பெண் பார்க்க வந்தவர்கள் வைத்த இங்கிலீஷ் பரீட்சை

இன்று மைசூர் அக்ரஹாரத்தில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்கு, ரேவதி அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள்.

அக்கா வியட்நாமில் இங்கிலீஷ் டீச்சர். அதனால் வீடியோ காலில்தான் பார்த்தார்கள். பத்தாவதோடு நின்றுவிட்ட என்னை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்பதால், போனைப் பிடிக்கும் வேலை எனக்கு.

மாப்பிள்ளையின் அம்மாதான் ஆரம்பித்தார். "அங்க வெள்ளக்காரங்களே கெடைக்கலையாம்மா? மைசூர்லேர்ந்து உன்னைப் போய் கூப்பிட்டிருக்காங்க?"

அக்கா சிரித்தாள். "இங்க பேரன்ட்ஸும் இதையேதான் கேக்கறாங்க ஆன்டி."

அவள் பள்ளிக்கூட விளம்பரத்தில் இருப்பது ஒரு வெள்ளைக்காரர் முகம். பாடம் நடத்துவது அக்கா.

முன்பெல்லாம் பெண்ணைப் பாடச் சொல்வார்களாம். இந்த அம்மா, "சொல்ப இங்கிலீஷ் பேசிக் காட்டும்மா, கொஞ்சம் போதும்" என்றார்.

அக்கா தன் வகுப்பைப் பற்றி நன்றாகவே பேசினாள்.

அவர் உதட்டைப் பிதுக்கினார். "அய்யோ, ஃபாரின் மாதிரியே இல்லயே. நம்ம விஜயநகர் ஸ்கூல் மிஸ் மாதிரில்ல இருக்கு!"

பெரியம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. இந்தச் சம்பந்தத்தை அவர் ரொம்ப நம்பியிருந்தார்.

அக்கா நிதானமாக, "சரி ஆன்டி, இப்ப உங்க பையன் பேசட்டும். நான் மார்க் போடறேன்" என்றாள்.

யாரும் சொல்லாமலே நான் போனை மாப்பிள்ளை பக்கம் திருப்பினேன்.

அவர் சட்டென்று எழுந்து நின்று, "குட் ஈவினிங், மிஸ்" என்றார். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார்.

யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பிப் போனார்கள். யோசிக்க வேண்டியது அக்கா என்பது என் எண்ணம்.

எழுந்து நின்றதற்கு நீங்களாக இருந்தால் எத்தனை மார்க் போடுவீர்கள்?