பூஜைக்கு நிறுத்திய ஃப்ரீசர்

ஒரகடத்துக்குப் பெரிய கார் கம்பெனிகள் வந்து சேராத காலம். என் படிப்பு ஒன்பதாம் வகுப்பின் பாதியில் நின்றது. எந்த ஊரிலும் எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. பிரஸ் ஷாப்பில் தகடு வெட்டினேன். ஒரு வருடத்தில் அதுவும் சலித்து, பக்கத்திலிருந்த சின்ன ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் கண்ணாடிக் குடுவை கழுவச் சேர்ந்தேன்.

அங்கே செய்தது எலிப் புரதம். எலி ஒன்றுகூடக் கிடையாது. எலியின் மரபணுத் துண்டை பாக்டீரியாவுக்குள் வைத்து வளர்த்தால், அது எலியின் புரதத்தைச் செய்து தந்துவிடும் என்று அங்கே ஆராய்ச்சி செய்த மேடம் சொல்லியிருந்தார். அதைப் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்து ஆய்வகங்களுக்கு விற்பது திட்டம். அறையில் என்னோடு தங்கியிருந்த திருநெல்வேலிக்காரர் தினமும் கேட்பார்: “என்ன அண்ணாச்சி, இன்னைக்கு எத்தன எலி புடிச்சீய?”

மேடத்துக்கு முப்பது வயதிருக்கும். ஐந்து மாதம் ஒற்றை ஆளாக உழைத்து முதல் தொகுதியை முடித்திருந்தார். சுண்டுவிரல் நுனியளவில் நாற்பது குழாய்கள், உள்ளே தண்ணீர் மாதிரி ஏதோ, டீப் ஃப்ரீசரில் உறைய வைத்திருந்தார். சென்னையில் ஓர் ஆய்வகம் அதைச் சோதித்துப் பார்க்கும். எலிச் செல்கள் அதில் வளர்ந்தால் கூடம் நடக்கும், இல்லாவிட்டால் மூடிவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் மேடம் மதியமே ஊருக்குக் கிளம்பினார். “எல்லாத்தையும் தொடச்சு பொட்டு வச்சிடுங்கண்ணா. விஜயதசமி முடிஞ்சு வந்துடறேன்.”

துடைத்துக்கொண்டே வந்தேன். டீப் ஃப்ரீசர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. பிரஸ் ஷாப்பில் அன்றைக்கு ஒரு மெஷினும் ஓடாது. மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் சந்தனத்தையே தொடுவோம். ஓடுகிற மெஷினுக்குப் பொட்டு வைக்க எனக்குக் கை வரவில்லை. வாட்ச்மேனிடம் கேட்டேன்.

“ஓடிக்கினு கீற மிஷினுக்கு எவனாவது பூஜ போடுவானா? அதுக்கும் ரெஸ்ட்டு வுடுபா. மூடித்தானே கீது, ஜில்லு எங்க பூடும்?”

பிளக்கைப் பிடுங்கினேன். சந்தனம், குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, பூட்டிவிட்டுப் போனேன்.

விஜயதசமிக்கு மறுநாள் காலை ஆறு மணிக்குத் திறந்தபோது தரையெல்லாம் தண்ணீர். மூடியைத் தூக்கினேன். உருகிய ஐஸில் குழாய்கள் மிதந்தன. என்ன செய்துவிட்டேன் என்று அப்போதே தெரிந்தது. பிளக்கை மாட்டினேன். தண்ணீரை இறைத்து, குழாய்களை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்து அடுக்கினேன். வழிந்திருந்த சந்தனத்தைக் கழுவிப் புதிதாக வைத்தேன். மேடம் வர மத்தியானம் ஆகிவிட்டது. அதற்குள் எல்லாம் பழையபடி உறைந்திருந்தது.

“அழகா பொட்டு வச்சிருக்கீங்கண்ணா” என்றார். அன்றைக்கே குழாய்களை ஐஸ் பெட்டியில் வைத்துச் சென்னைக்கு அனுப்பினார்.

பத்து நாளில் பதில் வந்தது. செல்கள் வளரவில்லை. மேடம் மிச்சமிருந்த குழாய்களை எடுத்துத் தானே சோதித்தார். புரதத்தின் அளவு சரியாக இருக்கிறது, வேலைதான் செய்யவில்லை என்றார். ஐந்து மாதக் குறிப்புகளை முதல் பக்கத்திலிருந்து படித்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனார்.

“எந்த இடத்துல தப்பு பண்ணினேன்னே தெரியலண்ணா.”

“உப்பு கிப்பு மாறியிருக்கும் மேடம்” என்றேன். அதை நம்பி, எல்லா உப்புக் கரைசலையும் மறுபடி புதிதாகக் கலக்கினார். பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது தொகுதி பாதியில் இருக்கும்போதே முதலாளி பூட்டுப் போட்டார்.

கடைசி நாள் மேடத்தின் புத்தகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோ வரை போனேன். “இந்த வேலைக்கு என் கை லாயக்கில்லண்ணா. ஊர்ல ஸ்கூல்ல வேலை கேட்டிருக்கேன்” என்றார். சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும். வேலை போவது எனக்குப் புதிதில்லை, எப்படியும் போய்விட்டது. இருந்தும் சொல்லவில்லை. ஆட்டோக்காரர் “ஏறுமா, ஏறு, சிங்கப்பெருமாள் கோவில்” என்று அவசரப்படுத்தினார். பெட்டியை மேடத்தின் காலடியில் வைத்தேன். “உடம்பப் பாத்துக்கங்கண்ணா” என்றார். தலையாட்டினேன்.