பாடு தவறிய தகைவிலான்

கோட்டைக்குப்பத்துச் செங்கேணிக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஏரியில் இன்றைக்கு யார் எந்த இடத்தில் வலை போடலாம் என்று சீட்டுக் குலுக்கிப் பங்கு வைப்பதற்குப் பாடு என்று பெயர். அதைக் காவல் காப்பதுதான் அவர் வேலை. அடுத்தவன் பாட்டில் கொக்கு மீன் பொறுக்கினால்கூட ஊரைக் கூட்டிவிடுவார்.

ஒருநாள் ஒல்லாந்தர் கோட்டைக்கு மீன் கொண்டுபோனார். அங்கே துரை மேசை மேல் செத்த குருவிகளைப் பரப்பி வைத்திருந்தார். எல்லாம் ஆப்பிரிக்காவில் பிடித்த தகைவிலான்கள். துரை பேசப் பேச, துபாசி தமிழில் சொன்னான்.

"எல்லாம் ஒரே சாதிதான். ஆனா ஆப்பிரிக்காவுல மார்ல கோடு தடிச்சது தெக்கே இருக்கும், மெலிஞ்சது கெழக்கே இருக்கும். ஒண்ணோட எடத்துக்கு இன்னொண்ணு போவாது."

செங்கேணியின் முகம் மலர்ந்தது. "அட, நம்ம பாடு!"

அந்நேரம் ஜன்னல் வழியாக ஒரு தகைவிலான் வந்து, உத்தரத்தில் கட்டியிருந்த மண் கூட்டுக்குள் நுழைந்தது. மார்பில் தடித்த கோடு. துரை துள்ளிக் குதித்தார்.

"இதுவும் ஆப்பிரிக்காக் குருவியாம்" என்றான் துபாசி.

"அங்க பாடு இருக்கசொல்ல இங்க இன்னா வேல அதுக்கு?"

மறுநாளே ஊர்க்கூட்டம் நடந்தது. பாடு தவறியவனின் வலையைப் பறிப்பது வழக்கம். குருவியிடம் வலை இல்லாததால் கூட்டைப் பிரிப்பதென்று தீர்ப்பாயிற்று. ஊரே ஏணியோடு கோட்டைக்குப் போனது.

துரை வாசலை மறித்தார். செங்கேணி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் துபாசியிடம் திரும்பினார்.

"குருவி கெடக்கட்டும். தொரைக்கு எந்தக் கடல்ல பாடு? இங்க சீட்டு யாரு குலுக்கனது? கேளுய்யா!"

துபாசிக்கு அந்த நேரம் பார்த்துத் தொண்டை கட்டிக்கொண்டது.