மாடியறைக் கயிறு

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். யாரையும் கெஞ்சி நம்பவைக்க எனக்கு ஆசையில்லை. ஆனால் இது எனக்கே நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

1974. விசைப்படகுகளுக்கு டீசல் எஞ்சின் விற்க ஆலந்தலைக்குப் போயிருந்தேன். அங்கே பாஸ்கல் என்றொருவன், கப்பலில் சம்பாதித்த காசில், முத்து வியாபாரி ஒருவரின் பாழடைந்த பங்களாவைப் புதுப்பித்து விடுதியாக்கியிருந்தான். பார்த்ததும் சிரிப்பு வந்தது. கப்பலில் கழற்றிய வட்ட ஜன்னல்கள். குறுக்கே அறுத்த வள்ளம்தான் கட்டில். எனக்குத் தந்த மாடியறைத் தரையில் ஒரு ஓட்டை. அதன் வழியே கீழே இறங்கியது ஒரு பழைய கயிறு.

“முத்துக் குளிக்கவங்க கடலுக்கடியிலருந்து இழுத்தா, படகுல உள்ளவன் அவங்கள மேல தூக்குத கயிறு அண்ணாச்சி. இந்த வீட்டுக்குள்ளதான் கெடந்துது. காப்பி வேணும்னா இழுங்க, கீழ அடுக்களையில மணி அடிக்கும்.”

காசு கொழுத்தால் இப்படித்தான் கிறுக்குப் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். கண் செருகும் நேரம்... சரக்.

கயிறு ஆடியது. காற்றே இல்லை.

பாஸ்கலின் வேலை. வந்தவனைப் பயமுறுத்தி விடுதிக்குப் பேர் வாங்கப் பார்க்கிறான், அற்பன்.

சரக்... சரக்...

கீழிருந்து யாரோ இழுத்தார்கள். மணி மட்டும் அடிக்கவில்லை.

அவனுக்குப் புத்தி சொல்லித் தரலாம் என்று எழுந்து, கயிற்றைப் பிடித்து மேலே இழுத்தேன். ஈரம். கனம். ஓர் ஆள் கனம். அடுக்களையின் உயரத்தைத் தாண்டியும் கயிறு வந்துகொண்டே இருந்தது...

ஓட்டைக்குள் இருட்டு.

களக்... களக்...

தண்ணீருக்குள் யாரோ மூச்சுவிட்டார்கள்.

கை மாற்றி, கை மாற்றி, ஏறி வந்தார்கள்.

விட்டுவிட்டேன்.

உள்ளங்கையை உரித்துக்கொண்டு கயிறு இறங்கியது. விழுந்த சத்தம் வரவே இல்லை.

கீழே ஓடினேன். பாஸ்கல் வெளியே போயிருந்தான். அடுக்களையில் சமையல்காரி பிளாரன்ஸ் மட்டும் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே அதே கயிறு, மணியோடு, காய்ந்து தொங்கியது.

என் கையைப் பார்த்தாள்.

“விட்டுட்டியளா?”

“ஆமா.”

“பொறவு என்னத்துக்கு இழுத்திய?”

காறித் துப்பாத குறை. மறுபடி மீனிடம் திரும்பிவிட்டாள். அவள் என்னைப் பார்த்த பார்வைக்கே கூசிப்போய், அந்த நிமிஷமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

மறு வருஷம் திரேஸ்புரத்தில் நல்லக்கண்ணு என்ற படகுக்காரர் சொன்னார். எனக்குப் பிறகு அந்த அறையில் மதுரைக்காரர் ஒருவர் தங்கினாராம். நல்ல பலசாலி. சாயங்காலம் கதவை உடைத்துத்தான் உள்ளே போனார்களாம். கட்டிலில் செத்துக் கிடந்தார். கயிறு இரண்டு கையிலும் இறுகச் சுற்றியிருந்தது.

“அவரு விடல,” என்றார் நல்லக்கண்ணு.

ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்தபோது, அவர் நெஞ்சுக்குள் கடல்தண்ணீர் இருந்ததாம்.