பத்துக் கொட்டைக்கு ஒன்பது

பத்துப் புளியங்கொட்டையை ஒன்பது என்று எண்ணினாள் வளர்மதி. ஒரு நாள் இல்லை, முக்கால் வருசம்.

இரண்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பது என்றால் ஒரே விசயத்தை முந்நூறு தடவை சொல்வது. அதற்கு மேல் சொன்னால் நமக்கே சந்தேகம் வந்துவிடும். அந்த வேலை பார்த்த பாவிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கம். பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து உள்ளே தள்ளி, மில்லை ஒட்டி எங்கள் யூனியன் பள்ளிக்கூடம்.

உதடு அசைந்தது

முதல் நாள் எண்ணச் சொன்னபோது வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். எனக்குப் பொறுமை கிடையாது. ஒன்றில் ஆரம்பி என்று அதட்டினேன். ஆரம்பித்தாள். முதல் கொட்டையைத் தள்ளும்போது உதடு மட்டும் அசையும், சத்தம் வராது. இரண்டாவது கொட்டைக்குத்தான் "ஒண்ணு" வரும். பத்துக் கொட்டை ஒன்பது, இருபது பத்தொன்பது. கூட்டலும் கழித்தலும் எந்தக் கதி என்று கேட்க வேண்டாம்.

முதல் கொட்டை என்ன பாவம் செய்தது என்று கேட்டேன். பயபக்தியோடு பதில் வந்தது: "அதைச் சத்தமாச் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானுங்க சார் சொன்னீங்க."

நான் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

எட்டு மணி

மக்கு என்று முடிவு கட்டவும் வழியில்லை. கரும்பலகையில் கடிகாரம் வரைந்து, சின்ன முள்ளை எட்டிலும் பெரிய முள்ளைப் பன்னிரண்டிலும் வைத்து, மணி என்ன என்றேன். எல்லாரும் கத்தினார்கள். இவள் மட்டும் ஜன்னல் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றாள். எட்டு மணிக்கு மில்லில் ஷிப்டு மாறும், சங்கு ஊதும். ஊர் முழுக்க அதைக் கேட்டுத்தான் மணி சொல்லும்.

கடைசியில் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "சங்கு இன்னும் ஊதலீங்களே சார்."

அப்பன் வந்தார்

எண்ணத் தெரியாத பிள்ளையை மூன்றாம் வகுப்புக்கு ஏற்ற முடியாது என்று தலைமையாசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். அப்பன் பொன்னுசாமியைக் கூப்பிட்டு அனுப்பினேன். வியாபாரிக்குக் கடலைக்காய் அளந்து கொடுப்பவர். ஃபெயிலானால் ஒன்றும் பிரச்சினை இல்லை, அம்மாவோடு கடலைக்காய் பறிக்கப் போகட்டும் என்றார். வளர்மதி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நீங்கள் எப்படித்தான் எண்ணுவீர்கள், எண்ணிக் காட்டுங்கள் என்றேன். படியால் மூட்டைக்கு அளக்கிற மாதிரி வெறும் கையால் அள்ளிக் கொட்டினார். "லாபம், ரெண்டு, மூணு..." அளக்கிறவர்கள் ராசிக்காக முதல் படியை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்பார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளை அப்பன் சொன்ன லாபத்தையும் விடவில்லை, வாத்தியார் சொன்ன ஒன்றையும் விடவில்லை. லாபத்தை வாய்க்குள் சொல்லிவிட்டு, எனக்காக ஒன்றில் ஆரம்பித்திருக்கிறது. லாபத்தை விட்டுத் தொலைக்கச் சொல்லுங்கள் என்றேன். பொன்னுசாமி பதறிவிட்டார்.

"எடுத்ததுமே ஒண்ணுன்னு ஆரம்பிச்சா அளக்கறவன் கை விளங்குமுங்களா சார்?"

முட்டை நாள்

அப்புறம் லாபமும் ஒன்றும் ஒரே எண்தான் என்று நானும் நூறு தடவை சொன்னேன். தலையாட்டுவாள். உதடு அசையும். பத்து, ஒன்பது.

சத்துணவு சமைக்கிற மாராத்தாள் ஜன்னல் வழியாக இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அவளும் காலையில் அரிசியை லாபம், ரெண்டு என்றுதான் அளப்பாள். முட்டை போடுகிற நாளில் வளர்மதியைக் கூப்பிட்டு, ஆட்களை எண்ணிவந்து சொல், சொன்ன அளவுக்குத்தான் முட்டை, பரிமாறுவதும் நீதான் என்றாள். தன்னையும் சேர்த்து முப்பத்தொன்று என்று வந்து சொன்னாள் பிள்ளை. முப்பத்தொன்றை எண்ணிக் கொடுத்தாள் மாராத்தாள். எல்லாத் தட்டிலும் முட்டை விழுந்தது. கடைசியாக உட்கார்ந்த வளர்மதியின் தட்டில் வெறும் சோறு.

பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. மாராத்தாள் குண்டானுக்குள் கை விட்டு, மிச்சமிருந்த ஒன்றை எடுத்து உரித்து வைத்தாள். வைத்துக்கொண்டே சொன்னாள்: "நீ லாபமுன்னு சொன்னவளும் ஒரு முட்டை தின்னுபோட்டா கண்ணு. அப்ப அவ ஒண்ணு இல்லையா?"

ஏ.இ.ஓ. வந்தார்

மாசக் கடைசியில் ஏ.இ.ஓ., அதாவது உதவிக் கல்வி அலுவலர், ஆய்வுக்கு வந்தார். தலைமையாசிரியர் வேண்டுமென்றே வளர்மதியை எழுப்பி விட்டார். மேசையில் ஒரு கை புளியங்கொட்டை. உதடு அசைந்தது. ஆனால் அடுத்த கொட்டைக்கு "ரெண்டு" என்றாள். கடைசியில் இருபத்து மூன்று.

ஏ.இ.ஓ. ஒரு கொட்டையை எடுத்து விரலில் உருட்டிக்கொண்டே மிச்சத்தைத் தானும் எண்ணினார். இருபத்திரண்டு என்று என்னை முறைத்தார். இந்த வகுப்புக்கு வாத்தியார் யார் என்று தலைமையாசிரியரைக் கேட்கவும் ஆரம்பித்தார்.

வளர்மதி மெதுவாகச் சொன்னாள்: "உங்க கையில இருக்கறதையும் சேத்துங்க சார்."

பிள்ளை மூன்றாம் வகுப்புக்குப் போனது, ஏ.இ.ஓ. பார்வைப் புத்தகத்தில் என் பெயரைப் போட்டு "நன்று" என்று எழுதிவிட்டுப் போனார், அங்கே எழுதியிருக்க வேண்டிய பெயர் மாராத்தாள்.