எலும்புச் சஹனும் நாலு நாள் லீவும்

இன்று காலை புத்தளம் டவுனில், என் மருமகள் ரிஸ்னா வேலை செய்யும் புடவைக் கடைக்குப் போனேன். புடவை வாங்க இல்லை.

குறிஞ்சிப்பிட்டியில் அவளுடைய தங்கச்சிக்கு இந்தக் கிழமை பிள்ளை கிடைக்கப் போகிறது. பக்கத்தில் இருக்க வேறு ஆளில்லை. நாலு நாள் லீவு கேட்டால், "உனக்குள்ள பத்து நாளும் முடிஞ்சு" என்றாராம் முதலாளி ஹாஜியார்.

சட்டத்தை நானும் விசாரித்து வைத்திருக்கிறேன். போன வருடம் மார்ச் முடியுமுன் சேர்ந்தவளுக்கு இந்த வருடம் சம்பளத்தோடு பதினாலு நாள். ஏப்ரலில் சேர்ந்தால் பத்துதான்.

"ரிஸ்னா ஏப்ரல் ஒண்டுதானே ராத்தா சேர்ந்த" என்றார் ஹாஜியார் என்னிடம்.

"இல்ல ஹாஜியார். உங்கட மகள்ட கலியாணத்தண்டு நீங்க எல்லாரும் மண்டபத்துல. கடையத் தனியாப் பாத்தவ இவதான்."

"அது வேலையா? கலியாணத்துக்குச் செஞ்ச உதவி."

"அப்ப அண்டைக்குப் புடவையெல்லாம் சும்மாவா குடுத்தீங்க?"

அவர் தலைக்கு மேல் மகளின் கலியாணப் படம் தொங்கியது. கீழே பொன்னெழுத்தில் போன வருடத்து மார்ச் இருபத்தெட்டு.

"நாங்க ஆறு பேர் சுத்தியிருந்து சாப்பிட்ட சஹன்ல இறைச்சியே இல்ல, எல்லாம் எலும்பு. அந்த நாள நான் மறப்பனா?"

ஹாஜியார் படத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு லீவுக் கொப்பியில் பத்தை வெட்டிப் பதினாலு என்று எழுதினார்.

குறிஞ்சிப்பிட்டி பஸ் ஏறியதும் ரிஸ்னா எனக்குப் போன் எடுத்தாள். அவள் கடையிலிருந்து வெளிக்கிடுமுன்பே படத்தைக் கழற்றிவிட்டார்களாம்.

அந்தக் கடையில் சேர்ந்த நாளில் சிக்கல் உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். அன்று ஹாஜியார் வீட்டில் என்ன விசேஷம், எங்களுக்கு என்ன கிடைத்தது என்று நான் சொல்கிறேன்.